பயிரினப் பெயர்களும் பாடத்திருத்தமும்

செட்டிநாட்டு நகரத்தார் தமக்குரியனவாகப் போற்றும் கோயில்கள் ஒன்பது. அவற்றை எண்ணுங்கால் முதற்கண் வைத்து எண்ணப்படுவது இளையாத்தங்குடி. கைலாசநாதரும் நித்தியகல்யாணி அம்மையும் கோயில் கொண்ட இவ்வூரின் பெயரை இளையாத்தங்குடி என எழுதுவாரும் உளர். இளையாற்றங்குடி என எழுதுவாரும் உளர். றகர இரட்டை பேச்சு வழக்கில் தகர இரட்டையாதல் தமிழ் கற்றார் அனைவரும் அறிந்ததே. உரோமன் எழுத்தில் எழுதுவோர் இன்னும் பலவாறு வேறுபடுவர். ‘ஐ’ என்னும் எழுத்தை முதலாகக் கொள்வோர் சிலர்; ‘ஈ’ என்னும் எழுத்தை முதலாகக் கொள்வோர் சிலர்; தகரத்திற்கு ‘டி’யை இரட்டிப்போர் சிலர்; ‘டி’யோடு ‘எச்’ சேர்ப்போர் சிலர். இவற்றுள் எது பிழை என வினவின் விடை கூறல் எளிதன்று. ஊர்ப்பெயர் மக்கள் நாவில் வாழ்வது. வழக்கே அதற்குச் சான்று.

அவ்வொன்பது கோயில்களுள் மற்றொன்று இலுப்பைக்குடி. இலுப்பை என்னும் மரத்தின் பெயரைத் தாங்கிய ஊர் அது. அம்மரத்திற்குப் பயிர்நூலார் வழங்கும் பெயர் மதூகா லாங்கிஃபோலியா என்பது. இவ்விருசொற் பெயரில் ஓரெழுத்து மாறினும் அது பிழையே. ‘அப்படியும் எழுதுவர்’ என்னும் அமைதி அதற்கு இல்லை. ஏன் எனின், அப்பெயர் வழக்கினாற் பிறந்ததன்று. குறித்த ஓர் ஆண்டில், குறித்த ஒரு நூலில், குறித்த ஒரு பக்கத்தில் அச்சேறியதனாற் பிறந்தது. ஆகவே அதற்கு மூலபாடம் உண்டு. மூலபாடம் உள்ள ஒன்றைத் திருத்துதல் பாடத்திருத்தக் கலையின்பாற் படும். தமிழாய்வு நூல்களில் மலிந்துவரும் இலத்தீன் பெயர்ப் பிழைகளை இந்நோக்கில் ஆராய்தலே இக்கட்டுரையின் குறிக்கோள். பெயர்களைத் தமிழெழுத்திலேயே தந்து, எழுத்து வேறுபாடு பொருளாகும் இடங்களில் அவ்வெழுத்தின் பெயரைச் சுட்டிச் செல்வாம்.

1. பிழை நேரும் இடம்

சங்க இலக்கியப் பயிர்கள், கோயில்களின் தலமரங்கள், நாட்டு மருத்துவ மூலிகைகள் ஆகியவை பற்றிய ஆய்வேடுகளில் ஒரு பட்டியல் தவறாது இடம்பெறும். முதற்பத்தி தமிழ்ப்பெயர், இடைப்பத்தி இலக்கிய ஆட்சி, இறுதிப்பத்தி இலத்தீன் பெயர். முதலிரு பத்திகளையும் ஆய்வாளர் தம் உழைப்பாற் காண்கின்றார். இறுதிப்பத்தியையோ முந்தைய நூலொன்றிலிருந்து எடுத்து எழுதுகின்றார். அந்நூலும் தனக்கு முந்தைய நூலிலிருந்து எடுத்ததே. ஏடெழுதுவோர் பிழை வழிவழி பெருகியவாறு போலவே இப்பிழையும் பெருகுகின்றது.

சங்கப் பயிர்களைப் பயிர்நூல் நெறியில் ஆராய்ந்த முன்னோர் பணி பெரிது. பி. எல். சாமி 1967இல் வெளியிட்ட ‘சங்க இலக்கியத்தில் செடிகொடி விளக்கம்’, கு. சீநிவாசன் இயற்றித் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1987இல் வெளியிட்ட ‘சங்க இலக்கியத் தாவரங்கள்’ ஆகியவை இத்துறைக்கு அடிப்படை நூல்கள். அவர்கள் நூலெழுதிய நாளில் ஒரு பெயரின் முதற்பதிப்பைக் காண விரும்புவோர் பெருநூலகம் ஒன்றை நாடிச் செல்லுதல் வேண்டும். இன்று அவ்விடர் நீங்கியது. நீங்கிய பின்னும் ஒப்பிட்டுப் பாராது படியெடுத்தல் அமைதி கூறுதற்கு உரியதன்று.

2. முதற்பதிப்பே மூலம்

பயிர்ப்பெயர்களுக்குத் தொடக்கம் சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயசு 1753இல் வெளியிட்ட ‘பயிரினங்கள்’ என்னும் நூல். விலங்குப் பெயர்களுக்கு அவரது ‘இயற்கை ஒழுங்கு’ என்னும் நூலின் 1758ஆம் ஆண்டுப் பத்தாம் பதிப்பு. முதல் வெளியீட்டில் அமைந்த எழுத்துவடிவையே போற்றல் வேண்டும் என்பது பெயரீட்டு விதிநூல்களின் பொதுநெறி. வெளிப்படையான அச்சுப்பிழையும், விதிநூல் பெயர்சுட்டி வகுத்த சில முறைகேடுகளுமே திருத்தத்தக்கன.

ஆலமரத்தை நோக்குக. அதன் பெயர் ஃபைகசு பெங்காலென்சிசு. வங்கநாட்டைக் குறிக்கும் அவ்வடைச்சொல்லில் ‘ஜி’ என்னும் எழுத்தை அடுத்து ‘எச்’ வருதல் வேண்டும். லின்னேயசு அவ்வாறே 1753இல் எழுதினார். வங்கத்தின் ஆங்கிலப் பெயரில் ‘எச்’ இல்லையே எனக் கருதி அதனை நீக்கி எழுதுவோர் பலர். அங்ஙனம் நீக்குதல் பிழை. இனி, வெண்முதுகுப் பாறு என்னும் பறவைக்குக் குமெலின் 1788இல் இட்ட பெயரிலும் அவ்வடைச்சொல்லே வருகின்றது. ஆண்டு ‘எச்’ இல்லை. ஆலுக்கு உண்டே எனக் கருதிப் பாறுக்குச் சேர்ப்பின் அதுவும் பிழையே. நாடு ஒன்று; அடைச்சொல் ஒன்று; எழுத்து மட்டும் இரண்டு. தருக்கத்தால் இதனை அறிதல் இயலாது. மூலத்தைக் கண்டே அறிதல் வேண்டும்.

இந்நெறி தமிழர்க்குப் புதிதன்று. 1887இல் தாமோதரம் பிள்ளை கலித்தொகையையும், அவ்வாண்டிலேயே சாமிநாதையர் சிந்தாமணியையும் பதிப்பித்த காலந்தொட்டு நாம் பயின்றது இதுவே. குறிஞ்சிப்பாட்டின் மலர்ப் பட்டியலில் சில பெயர்கள் தமக்குக் கிடைத்த ஏடுகளில் விடுபட்டிருக்கக் கண்ட சாமிநாதையர், தொண்ணூற்றொன்பது என்னும் எண்ணை நிரப்புதற்குத் தாமே மலர்ப்பெயர் புனைந்திலர். தருமபுரம் ஆதீனத்துச் சுவடியில் அவற்றைக் கண்டெடுத்தார். ‘உதிர்ந்த மலர்கள்’ என்னும் கட்டுரையில் அவ்வரலாற்றை அவரே எழுதியுள்ளார். மலரின் தமிழ்ப்பெயர்க்கு அத்துணைக் காப்புச் செய்த மரபில் வந்தோர், அம்மலரின் இலத்தீன் பெயரை மட்டும் ஒப்புநோக்காது அச்சேற்றல் முறையாமோ?

தமிழிலிருந்தே இலத்தீனுக்குச் சென்ற சொற்களிலும் விதி இதுவே. முருங்கையின் பேரினப்பெயர் மொரிங்கா என்பது. அது முருங்கை என்னும் சொல்லடியாகப் பிறந்தது. ஆடாதோடையின் அடைப்பெயராக லின்னேயசு கொண்டதும் தென்னாட்டு வழக்கிலுள்ள அச்சொல்லே. ஆயின் ஆண்டு ‘டி’யை அடுத்து ‘எச்’ ஒன்று புகுந்து நின்றது. தமிழொலிக்கு அது பொருந்தாது என நாம் நீக்குதல் கூடாது. பிறந்தவீடு தமிழாயினும் புகுந்தவீட்டு முறையே அச்சொல்லுக்கு உரியது.

விதிக்குப் புறனடையும் உண்டு. தென்னாப்பிரிக்கக் கறுப்பின மக்களை இழித்துரைக்கும் சொல்லடியாகப் பிறந்த ‘காஃப்ரா’ முதலிய அடைகளை ‘ஆஃப்ரா’ என்றாற்போலத் திருத்துதல் வேண்டும் என 2024இல் மத்ரித் நகரிற் கூடிய பயிர்நூற் பேரவையின் பெயரீட்டு அவை வாக்கெடுப்பால் முடிவு செய்தது. நம் நாட்டு முள்முருங்கையின் இனமான ஆப்பிரிக்க எரித்ரினா ஒன்றும் இம்முடிவிற்கு உட்பட்டது. எழுத்தைக் காக்கும் விதியினும் மாந்தர் மானம் பெரிதென அவையோர் கருதினர் போலும். ஆயினும் அஃது அவை கூடிச் செய்த மாற்றமே. தனியொருவர் தம் விருப்பிற்குச் செய்ததன்று.

3. பால்வழு

இலத்தீன் பெயர்களில் நேரும் வழுக்களுள் தமிழாசிரியர்க்கு எளிதில் விளங்கத்தக்கது பால்வழு. இலத்தீனில் பெயர்ச்சொற்கள் ஆண்பால், பெண்பால், நடுப்பால் என மூன்றாம். அடை பண்புச்சொல்லாயின் பேரினப்பெயரின் பாலோடு இயைதல் வேண்டும். ‘-உசு’ ஆண்பாலிறுதி; ‘-ஆ’ பெண்பாலிறுதி; ‘-உம்’ நடுப்பாலிறுதி.

குறிஞ்சியைக் காண்போம். நீசு என்னும் செருமானிய அறிஞர் 1832இல் அதனை ஃபிளெபோஃபில்லம் என்னும் பேரினத்துள் வைத்தார். அப்பேரினப்பெயர் நடுப்பால் ஆதலின் அடை ‘குந்தியானம்’ என நின்றது. பின்னர் அச்செடி ஸ்ட்ரோபிலாந்தசு என்னும் பேரினத்துள் வைக்கப்பட்டது. அது பெண்பால், ஆகவே அடை ‘குந்தியானா’ எனத் திரிந்தது. இன்றும் பலர் ‘குந்தியானசு’ என ஆண்பாலாக்கி எழுதுகின்றனர். பேரினப்பெயர் சகர ஒலியில் இறுதலின் ஆண்பால் போலும் என மயங்கியதே இதற்குக் காரணம். மற்றொரு மயக்கமும் உண்டு. குந்தியானா என்பது அமைதிப் பள்ளத்தாக்கில் ஓடும் குந்தி ஆற்றின் பெயரடியாக வந்தது என்பர். அது பொருந்தாது. 1788 முதல் 1850 வரை வாழ்ந்த குந்த் என்னும் செருமானியப் பயிர்நூலறிஞரைச் சிறப்பித்தற்கு இட்ட பெயர் அது. ஒலியொப்புமை கொண்டு சொற்பிறப்புக் கூறல் தமிழிற் போலவே இலத்தீனிலும் இடர்தருவது.

ஈறு நோக்கிப் பால் துணிதல் இயலாது என்பதற்குப் புளியும் சான்று. டாமரிண்டசு என்பது ‘-உசு’ ஈறு பெற்றும் பெண்பாலாகவே ஆளப்பட்டது. 1753இல் லின்னேயசு எழுதியது ‘இண்டிகா’ என்பதே. ‘இண்டிகசு’ என்பது வழு. இதற்கு மறுதலையாக நெல்லியைக் கொள்க. ஃபில்லாந்தசு ஆண்பால்; அதன் அடை ‘எம்பிளிகா’. பால் இயையவில்லையே என ‘எம்பிளிகசு’ எனத் திருத்த முற்படுவோர் தவறுவர். எம்பிளிகா பண்புச்சொல் அன்று, பெயர்ச்சொல். பெயரொடு பெயர் ஒட்டி நின்றது. ஆதலின் பால் மாற்றம் வேண்டுவதில்லை. அரைகுறை இலக்கண அறிவு பிழையை நீக்குதற்கு மாறாகப் புதுப்பிழையைப் படைத்தலும் உண்டு என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

4. மூவகை வேறுபாடு

அச்சிட்ட பெயர் ஒன்று இன்றைய பட்டியலோடு ஒவ்வாதபோது அதனைப் ‘பிழை’ என்னும் ஒரு சொல்லால் முடித்தல் தகாது. வேறுபாடு மூவகைப்படும்: எழுத்துவழு, பழம்பெயர், பொருள்வழு.

வேம்பின் பேரினப்பெயரில் ‘எச்’ விடுதல் எழுத்துவழு. அது திருத்தத்தக்கது.

இலுப்பைக்குச் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் தரும் பெயர் பாசியா லாங்கிஃபோலியா. இது வழுவன்று, பழம்பெயர். லின்னேயசு 1771இல் பாசியா என்னும் பேரினத்தை அமைத்தார். ஆனால் அல்லியோனி என்பார் 1766ஆம் ஆண்டிலேயே வேறொரு பயிர்க்கு அப்பெயரை இட்டுவிட்டார். முந்தியதே செல்லும் என்னும் விதியால் லின்னேயசின் பாசியா வீழ்ந்தது. மதூகா என்னும் பேரினப்பெயர் நிலைபெற்றது. மாக்பிரைடு 1918இல் இலுப்பையை அதனுள் வைத்தார். இவ்வரலாறு அறியாத ஒருவர் இன்று தரவுத்தளத்திற் பாசியா எனத் தேடின், கீரைக்குடும்பத்தைச் சார்ந்த சிறுசெடிகளின் பேரினம் அவர்முன் தோன்றும். கோயில் விளக்கிற்கு எண்ணெய் தந்த பெருமரம் ஒரு பூண்டாகிவிடும்! லெக்சிகன் பிழைபட்டது என்று அவர் கூறின் அக்கூற்றே பிழை. அகராதி தன் காலத்துப் பெயரைத் தந்தது. பழைய நூலை மேற்கோள் காட்டுவோர் அதன்கண் உள்ள பெயரை உள்ளவாறே காட்டி, இன்றைய பெயரை அடுத்துக் குறித்தலே நேர்மை. ஆவிரையும் இத்தகையதே. கொன்றையும் ஆவிரையும் முன்பு காசியா என்னும் ஒரே பேரினத்துள் இருந்தன. இர்வின், பார்னபி என்னும் இருவர் 1982இல் செய்த பகுப்பிற்குப் பின்னர் ஆவிரை சென்னா என்னும் பேரினத்துள் வைத்து எண்ணப்படுகின்றது. கொன்றை காசியாவாகவே உள்ளது. 1967ஆம் ஆண்டு நூலை 1967ஆம் ஆண்டின் பெயரறிவோடு படித்தல் வேண்டும்.

மூன்றாவதாகிய பொருள்வழுவே கேடு மிக்கது. கீழாநெல்லியைப் பழைய நூல்கள் பலவும் ஃபில்லாந்தசு நிரூரி என்றன. எழுத்தில் யாதொரு வழுவும் இல்லை. 1753ஆம் ஆண்டுப் பெயரே அது. ஆயின் அப்பெயர்க்குரிய செடி அமெரிக்க வெப்பநாடுகளுக்கு உரியது. நம் நாட்டிற் காமாலைக்கு வழங்கும் கீழாநெல்லி ஃபில்லாந்தசு அமாரசு என்பதாம். 1988இல் சென்னை அறிஞர் தியாகராசன் முதலியோரும் நோபெல் பரிசு பெற்ற புளூம்பெர்க்கும் சேர்ந்து, கல்லீரல் அழற்சி நோயின் இரண்டாம் வகை நச்சுயிரைத் தாங்கியோர்க்குக் கீழாநெல்லி தந்து ஆராய்ந்து ‘லான்செட்’ இதழில் வெளியிட்டபோது குறித்த பெயர் அமாரசு என்பதே. ஒரு மருந்தாய்வைப் பிறிதொருவர் மீண்டும் செய்து பார்க்க வேண்டின் செடி எது என்பது ஐயமற விளங்குதல் வேண்டும். பெயர் பிறழின் ஆய்வு பிறழும். உண்பவர் உயிர்க்கும் ஊறு நேரும்.

5. தரவுத்தளம் செய்வதும் செய்யாததும்

டார்வின் அளித்த பொருளுதவியால் தொடங்கி 1893 முதல் வெளிவந்தது கியூ பூங்காவின் பெயரட்டவணை. அதனையும் ஆர்வர்டு, ஆத்திரேலியப் பயிர்க்காப்பகங்களின் அட்டவணைகளையும் ஒருங்கிணைத்து 1999இல் எழுந்தது பன்னாட்டுப் பயிர்ப்பெயர் அட்டவணை. ஒரு பெயரை யார், எந்நூலில், எவ்வாண்டில் வெளியிட்டனர் என்பதை அது கூறும். எப்பெயர் இன்று ஏற்கப்படுகின்றது என்பதைக் கியூ பூங்காவின் உலகப் பயிர்த் தளமும் உலகப் பயிர்வள இணையத்தளமும் கூறும். கடல்வாழ் உயிர்களுக்கும் மீன்களுக்கும் தனித்தனி அட்டவணைகள் உள. முதற்பதிப்பின் பக்கத்தையே காண விழைவோர்க்குப் பல்லுயிர் மரபு நூலகம் என்னும் மின்னூலகம் வாயில் திறந்து வைத்துள்ளது. இளையாத்தங்குடியிலிருக்கும் மாணவர் ஒருவர் தம் கைப்பேசியிலேயே 1753ஆம் ஆண்டுப் பக்கத்தைக் காணலாம்.

பிழைபட எழுதிய பெயரையும் இத்தளங்களுட் சில இனங்கண்டு ‘இதுவோ நீவிர் தேடியது?’ என வினவும். அஃது எவ்வாறு இயல்கின்றது எனின், ஒரு சொல்லை மற்றொரு சொல்லாக்குதற்கு எத்தனை எழுத்துகளைச் சேர்க்கவும் நீக்கவும் மாற்றவும் வேண்டும் எனக் கணித்து, மிகக் குறைந்த மாற்றம் வேண்டும் பெயரைப் பொறி எடுத்துக் காட்டுகின்றது. சோவியத்து நாட்டுக் கணித அறிஞர் லெவன்சுட்டைன் 1965இல் வகுத்த முறை இது. நன்னூல் கற்றார்க்கு இது தோன்றல், திரிதல், கெடுதல் என்னும் மூன்றாகவே தோன்றும்.

ஆயின் அண்மையிலுள்ள பெயரெல்லாம் உண்மையான பெயராகா. காசியா, பாசியா என்னும் இரண்டும் ஓரெழுத்துத் திரிபால் வேறுபட்டவை. இரண்டும் மெய்யான பேரினங்கள். காசியா என எழுதப் புகுந்தவர் கைதவறிப் பாசியா என எழுதின், அப்பேரினப்பெயரை மட்டும் நோக்கும் பொறி யாதொரு தடையும் கூறாது. நிரூரி, அமாரசு என்னும் இரண்டும் மெய்ப்பெயர்களே ஆதலின் கீழாநெல்லியின் பொருள்வழுவையும் அது காட்டாது. பொறி பெயரைச் சரிபார்க்கும், செடியைச் சரிபார்க்காது. செடியைச் சரிபார்த்தற்குப் பூவும் காயும் கூடிய உலர்படி வேண்டும். அதனை ஒப்பிடக் கோயம்புத்தூரில் இந்தியப் பயிர்நூல் அளவைத்துறை காத்துவரும் சென்னைப் பயிர்க்காப்பகம் போன்ற நிலையம் வேண்டும்.

தளங்கள் தம்முள் முரணுதலும் உண்டு. பல மூலங்களிலிருந்து திரட்டிய தளங்களில் பிழைவடிவங்களும் பதிவாகியிருத்தல் கூடும். ‘பயிர்ப் பட்டியல்’ என்னும் தளம் 2013க்குப் பின் புதுக்கப்படவில்லை. எனினும் அதனைச் சான்று காட்டுவோர் இன்றும் உளர். பல ஏடுகளில் ஒரு பாடம் காணப்படுதலால் மட்டும் அது மூலபாடம் ஆகாது என்பது பதிப்பாசிரியர் அறிந்த உண்மை. இணையத்தில் மிகுதியாகக் காணப்படும் வடிவமே சரியானது எனக் கொள்வோர் இவ்வுண்மையை மறந்தோரே.

6. தமிழெழுத்திற் பெயர்த்தல்

தமிழ்நூல்களுக்கே உரிய இடர் ஒன்றும் உண்டு. வல்லெழுத்தின் மெலிந்த ஒலிக்குத் தனியெழுத்துத் தமிழில் இல்லை. ஆதலின் ‘பாசியா’ எனத் தமிழில் மட்டும் எழுதின், முதலெழுத்து ‘பி’யோ பகர ஒலிக்குரிய மற்றையதோ, இடையெழுத்து ஒற்றையோ இரட்டையோ என்பது புலப்படாது. கிரந்த எழுத்தைச் சேர்ப்பினும் இவ்விடர் முற்றும் நீங்காது, நீக்கின் பெருகும். பிரண்டையின் பேரினப்பெயரைச் சிசசு எனக் கண்ட மாணவர் உரோமன் எழுத்தில் அதனை மீட்டெழுதல் அரிது. மீட்டெழுத இயலாத பெயரைத் தளத்தில் தேடலும் இயலாது. தேட இயலாத பெயரைத் திருத்தலும் இயலாது. இக்கட்டுரை ஆங்காங்கு எழுத்தின் பெயரைச் சுட்ட நேர்ந்ததும் இக்குறைபாட்டினாலேயே. கிரந்தம் வேண்டுமா வேண்டாவா என்பது வேறு வழக்கு. அதனை ஈண்டுப் புகுத்தல் வேண்டா. ஆய்வேட்டில் ஒருமுறையேனும் உரோமன் வடிவம், பெயரிட்டோர் பெயருடன் நிற்றல் வேண்டும் என்பதே நாம் வற்புறுத்துவது.

7. செய்யத்தக்கன

இலத்தீன் பெயரை ஆராய்தல் பயிர்நூலார் கடன். தமிழாய்வாளர்க்கு அது புறம்பு எனச் சிலர் கூறுவர். ஒரு பெயரைத் தம் ஏட்டில் எழுதியவர் அதற்குப் பொறுப்பாளரும் ஆவர். மேலும், குறிஞ்சிப்பாட்டின் மலர் இதுவெனத் துணிந்து கூறுதல் உரை கூறுதலே. உரையின்கண் வரும் இலத்தீன் பெயர் அவ்வுரைக்குச் சான்றாக நிற்பது. சான்று வழுப்படின் உரையும் தளரும்.

ஆகவே பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகள் பின்வருவனவற்றை ஆய்வேட்டு நெறியாகக் கொள்ளல் நலம். இலத்தீன் பெயர் ஒவ்வொன்றையும் பெயரட்டவணையில் ஒப்பிட்டு, கண்ட தளத்தின் பெயரையும் கண்ட நாளையும் குறித்தல் வேண்டும். ஐயம் எழுந்துழி முதற்பதிப்பின் பக்கத்தையே காணல் வேண்டும். எழுத்துவழுவைத் திருத்துக, பழம்பெயரைத் திருத்தாது இன்றைய பெயரை உடன்காட்டுக, பொருள்வழு என ஐயுற்றால் செடியின் உலர்படியோடு பயிர்நூலார் துணையை நாடுக. துணியவொண்ணாத இடத்துத் ‘துணிதற்கரிது’ என எழுதுதல் இழுக்கன்று. ஏட்டில் எழுத்துச் சிதைந்த இடத்தைப் புள்ளியிட்டுக் காட்டிய பதிப்பாசிரியர்களின் நாணயத்தை நாம் இன்றும் போற்றுகின்றோம். சங்கப் பயிர்களின் பட்டியலிலும் அத்தகைய புள்ளிகள் சில இருத்தல் அப்பட்டியலுக்கு மதிப்பே தரும்.